சாந்த்ராகாச்சியில் ஸ்கீ வேகவைத்த கதை

பைபர் பட்டறைக்காரர்களை எங்கே பார்த்தாலும் கண்டுபிடித்துவிடலாம். எதையோ ஒட்டப் போய்த் தன் விரல்களையே ஒட்டிக்கொண்ட ஆசாமிகள் நாங்கள்.

உங்களில் யாராவது உடைந்த வாளியையோ, வார் அறுந்த செருப்பையோ, கல்யாணத்தில் பரிசாக வந்த பீங்கான் யானையையோ ஒட்டி வைத்துவிட்டு, "காய்ந்துவிட்டதா, காய்ந்துவிட்டதா?" என்று தொட்டுப் பார்த்துத் தொட்டுப் பார்த்தே பிய்த்திருக்கிறீர்களா? அப்படியானால் உட்காருங்கள், நீங்கள் நம்ம ஆள். உங்களுக்குத்தான் இந்தக் கதை புரியும்.

என் பெயர் ஹேமா. வீடு டாக்குரியாவில், பட்டறை சாந்த்ராகாச்சியில். எங்கள் குடும்பம் கல்கத்தாவுக்கு வந்து மூன்று தலைமுறை ஆகிறது. வந்த எல்லோரும் பாங்க், ரயில்வே, ஏதாவது கம்பெனியில் கணக்கு என்று சட்டையில் கறைபடாத உத்தியோகமாகப் பார்த்தார்கள். நான் ஒருத்திதான் மெக்கானிகல் படித்துவிட்டு, பைபரில் பூஜைப் பந்தல் அலங்காரமும், பாத்ரூம் கதவும், பார்க்குகளில் வாயைத் திறந்துகொண்டு நிற்குமே பென்குவின் குப்பைத் தொட்டி, அதுவும் செய்கிறேன். என் கணவர் மூர்த்தி பாங்க் ஆபீசர். யாராவது அவரிடம், "உங்க வீட்ல என்ன பண்றாங்க?" என்று கேட்டால், "டிசைன்" என்று சொல்லி அதோடு நிறுத்திக்கொள்வார்.

பென்குவினுக்குப் பிறகு

துர்கா பூஜை முடிந்தால் எங்கள் பட்டறையில் ஈ ஓட்டுகிற காலம். அப்படி ஒரு மத்தியானம் ருமா வந்து நின்றாள். நியூ டவுனில் ஒரு கம்பெனியில் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு நாளெல்லாம் யாரோ முகம் தெரியாதவர்களிடம் திட்டு வாங்குகிற வேலை அவளுக்கு. வங்காளிப் பெண். உயரம் என் தோள்வரைதான், ஆனால் நல்ல திடமான உடம்பு. இங்கே பெயரோடு 'தி' சேர்த்தால் அக்கா, 'தா' சேர்த்தால் அண்ணா. வந்ததும் வராததுமாக, "ஹேமாதி, எனக்கு ஒரு ஜோடி ஸ்கீ செஞ்சு தரணும்" என்றாள். பனிமேல் சறுக்கிக்கொண்டு போவதற்காக இரண்டு காலிலும் நீளமாகப் பலகை மாட்டிக்கொள்கிறார்களே, அது. பனிக்கும் எனக்கும் அதுவரை இருந்த ஒரே சம்பந்தம் அந்தப் பென்குவின்தான்.

விஷயம் இதுதான். ருமா வருஷா வருஷம் லீவு போட்டுவிட்டு மலைக்குப் போய் ஸ்கீ பயிற்சியில் சேருகிறாள். போன தடவை கடைசிப் பரீட்சையில் பெயில். அங்கே வாடகைக்குக் கிடைக்கிற பெரியவர்களின் பலகை அவள் உயரத்துக்குத் திரும்பவே மாட்டேன் என்கிறது. இவள் வலது பக்கம் போகச் சொன்னால் அது நேரே பள்ளத்தைப் பார்க்கப் போகிறது. குழந்தைகள் பலகையோ இவள் ஏறி நின்றால் வளைந்து கொடுத்துவிடுகிறது. இவள் அளவுக்கு வெளிநாட்டில் சொல்லிச் செய்து வருவதற்குள் பனியே உருகிவிடும். இந்தக் குளிர்காலம்தான் கடைசி வாய்ப்பு, அடுத்த வருஷம் வயசு வரம்பு தாண்டிவிடும். பாஸ் ஆனால் மலையிலேயே புதியவர்களுக்குக் கற்றுக்கொடுக்கிற வேலைக்குப் போகலாம். ஆகாவிட்டால் ஆயுசு முழுக்க ஹெட்போன்.

"செஞ்சுடலாம்" என்றேன். எனக்கு இந்த ஒரு வார்த்தைதான் ஜென்ம விரோதி. யோசனை வருவதற்கு முன்னால் இது வந்துவிடும். பக்கத்தில் எங்கள் பட்டறை மிஸ்திரி ஹாருதா, பென்குவினுக்கு மூக்கு வைத்துக்கொண்டிருந்தார். கார்த்திகை மாசமே மங்கி குல்லாயை மாட்டிக்கொண்டு, பங்குனியில்தான் கழற்றுகிற மனுஷர். அவர் தலையைத் தூக்கி ருமாவை ஒரு தடவை பார்த்தார், வெளியே காய்கிற வெயிலை ஒரு தடவை பார்த்தார். "பனி எங்கே இருக்கு தீதி? இந்தப் பொண்ணு என்ன, ஃப்ரிட்ஜுக்குள்ளேயா சறுக்கப் போகுது?"

கோழிப்பண்ணை பல்பு

ஸ்கீ செய்ய முதலில் பிரஸ் என்று ஒன்று வேண்டும், அது என்ன என்று சொல்லிவிடுகிறேன். பயப்படாதீர்கள், ஒரே பாராதான். ஸ்கீ என்பது ஒரு சாண்ட்விச். கீழே வழுக்குகிற பிளாஸ்டிக், நடுவில் மரம், இரண்டு பக்கமும் கண்ணாடி நார்த் துணி, எல்லாவற்றையும் பிடித்துவைக்க எபாக்ஸிப் பிசின். இதை ஸ்கீயின் வளைவுக்குச் செதுக்கிய மர அச்சின்மேல் படுக்கவைத்து, மேலே தீயணைப்பு வண்டிக் குழாய் ஒன்றை வைத்து, அதில் காற்றடித்து உப்பவைத்தால் அது அமுக்கும். அது மேலே எழும்பிவிடாமல் பிடிக்க ஹவுராவில் பழைய இரும்புக் கடையில் வாங்கிய தடிமனான கர்டர்கள். அவ்வளவுதான் பிரஸ். எங்கள் பட்டறையிலேயே செய்தோம், நன்றாகவே வந்தது. ஆனால் அந்தப் பிசின் இறுகுவதற்கு எண்பது டிகிரி சூடு வேண்டும், தலையிலிருந்து வால்வரை ஒரே மாதிரி. சூட்டுக்கு எங்கே போவது?

முதலில் பல்பு. பழைய மஞ்சள் குண்டு பல்பு இப்போது கடைகளில் கிடைப்பதில்லை. கோழிப்பண்ணைக்குச் சாமான் விற்கிற கடையில்தான் கிடைத்தது. குஞ்சுகளுக்குக் கதகதப்பாக மாட்டுவார்களாம். பிளைவுட்டில் பெட்டி செய்து, உள்ளே அலுமினியத் தாள் ஒட்டி, பிரஸ்மேல் கவிழ்த்து, வரிசையாகப் பல்பை மாட்டி எரியவிட்டோம். பட்டறை முழுக்கத் தங்க நிறம். நடுவில் நல்ல சூடு, இரண்டு முனையிலும் பச்சைத் தண்ணீர். பல்பை அணைத்த உடனே திறந்து பார்த்தேன். பார்க்காமல் இருக்க முடியுமா, நீங்களே சொல்லுங்கள். மூக்குப் பக்கம் பிசுபிசுவென்று உரிந்து கையோடு வந்தது.

கோழிக்கடைப் பையோடு நான் வந்ததையும், பெட்டிக்குள் விளக்கு எரிவதையும் பட்டறைக்குப் பக்கத்து வீட்டு வங்காளி மாமி, மாஷிமா, ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார். சாயங்காலம் ஒரு கிண்ணத்தோடு வந்துவிட்டார். ரகசியம் பேசுகிற குரலில் சொன்னார்: "எல்லாத்தையும் குஞ்சு பொரிக்க வெச்சிடாதேம்மா, எனக்கு ஒரு கிண்ணம் முட்டை எடுத்து வை, குஞ்சு ஆனப்புறம் ஆம்லெட் போட முடியாது பார்."

இஸ்திரிப் பெட்டிச் சங்கம்

சூடு சமமாகப் பரவ வேண்டும் என்றால் தட்டையான சாமானாக இருக்க வேண்டும் என்று எனக்கு அடுத்த ஞானோதயம். தட்டையாக இருந்து சூடாவது எது? இஸ்திரிப் பெட்டி! வீட்டிலிருந்த இரண்டு, நாத்தனாருடையது ஒன்று, எங்கள் அடுக்குமாடியில் யார் யார் ஏமாந்தார்களோ அவர்களுடையது எல்லாம் சேர்ந்தது. பிரஸ்ஸுக்குள் பலகைமேல் அலுமினியத் தகடு போட்டு, வெளியே நீட்டிய அதன் விளிம்பில் பெட்டிகளை வரிசையாக நிறுத்தி, எல்லாவற்றையும் 'காட்டன்' என்ற இடத்துக்குத் திருப்பினேன். அப்போதுதான் தெரிந்தது, காட்டன் என்றால் என்ன என்பதில் ஒரு கம்பெனிக்கும் இன்னொரு கம்பெனிக்கும் ஒத்துப்போகவே போகாது. நாத்தனாருடைய பெட்டி ஒரு இடத்தைக் கருக்கிவிட்டது. எங்கள் வீட்டுப் பெட்டி, எங்கள் வீட்டு வழக்கப்படி, வேலை செய்கிற மாதிரி பாவனை செய்தது.

அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. ஊரின் இரண்டு பெரிய கிளப்புகள் மோதுகிற ஃபுட்பால் டெர்பி. கல்கத்தாவில் டெர்பி என்றால் புருஷன் ஒரு கட்சி, பெண்டாட்டி ஒரு கட்சி என்று வீட்டுக்குள்ளேயே சோறு தண்ணீர் நின்றுபோகிற சமாச்சாரம். அது எனக்கு ஞாபகம் வரவில்லை. சரியாகப் பெனால்டி அடிக்கப் போகும் நேரத்தில் என் பெட்டிகள் எல்லாம் ஒரே மூச்சில் கரண்டை இழுத்தன. சந்து முழுக்க ஃபியூஸ் போய்விட்டது. அப்புறம் கிளம்பியது பாருங்கள் ஒரு ஓலம்! இரண்டு கட்சிக்காரர்களும் அவரவர் கலர் சட்டையோடு தோளோடு தோள் உரசிக்கொண்டு என் பட்டறை வாசலுக்கு வந்துவிட்டார்கள். ஹாருதா பென்குவினுக்குப் பின்னால் மறைந்துகொண்டார். எங்கள் பேட்டையின் 'பாடா கிளப்' செக்ரட்டரி முன்னால் வந்து, உள்ளே வரிசையாக நின்ற இஸ்திரிப் பெட்டிகளை நிதானமாகப் பார்த்துவிட்டு, அண்ணி முறை வைத்துக் கூப்பிட்டார். "பௌதி, ஜென்மத்தில் சேராத ரெண்டு கட்சியை இன்னிக்கு நீங்க சேர்த்து வெச்சிட்டீங்க, உங்களுக்கு நாங்களே மாலை போடறோம், அதுக்கு முன்னால அந்தப் பெட்டிகளைப் பிடுங்குங்க."

ஹாருதாவின் ஸ்நானம்

கரண்டே வேண்டாம் என்று வெந்நீருக்கு வந்தேன். யோசித்துப் பாருங்கள், எவ்வளவு அழகான திட்டம்! குழாய் ஏற்கெனவே பலகைமேல் முழு நீளத்துக்கும் படுத்திருக்கிறது. காற்றுக்குப் பதிலாக அதற்குள் வெந்நீரை அழுத்தி நிரப்பினால் அமுக்கலும் ஆச்சு, சூடும் ஆச்சு. விறகு அடுப்பில் பெரிய தேக்சாவை ஏற்றித் தண்ணீர் கொதிக்கவைத்து, பம்ப் வைத்து அனுப்பினோம். எனக்கு ஒரே பெருமை. மூர்த்திக்கு போன் பண்ணி, "நான் எவ்வளவு புத்திசாலின்னு தெரியுமா?" என்றுகூடக் கேட்டேன். அவர் மீட்டிங்கில் இருந்தார், "தெரியும் தெரியும்" என்று வைத்துவிட்டார்.

குழாயின் முனையை இரண்டு இரும்புப் பட்டைகளுக்கு நடுவே இறுக்கி வைத்திருந்தோம். ரப்பர் சூட்டில் இளகும் என்பது அந்தப் பட்டைகளுக்குத் தெரிந்திருக்கிறது, எனக்குத்தான் தெரியவில்லை. முனை நழுவிற்று. அந்த முனைக்கு நேர் எதிரே ஹாருதா ஸ்டூலில் உட்கார்ந்து, சால்வையைப் போர்த்திக்கொண்டு, பீடி பற்றவைத்துக்கொண்டிருந்தார். நல்ல வேளை, குழாயைச் சுற்றி வருவதற்குள் தண்ணீர் குளிக்கிற பதத்துக்கு ஆறியிருந்தது. குல்லாய், சால்வை, பீடி, தீப்பெட்டி எல்லாம் சேர்ந்து நனைந்து நின்றார். எனக்கு உயிரே போய்விட்டது. அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, மன்னிப்புக் கேட்க அவர் மனைவிக்கு போன் பண்ணினேன். அந்த அம்மாள் குரலில் அப்படி ஒரு சந்தோஷம். "காளி பூஜையிலேர்ந்து நானும் கெஞ்சிப் பார்த்துட்டேன் தீதி, இந்த மனுஷன் குளிக்க மாட்டேங்கறார், அடுத்த வாரமும் ஒரு தடவை வெடிக்க வைங்க."

உயிரோடு இருக்கிறவர்களுக்கான கம்பளி

டிசம்பர் வந்துவிட்டது. குளிர் ஏற ஏறப் பிசின் இன்னும் மந்தமாகிவிட்டது. ருமா லீவு நாளெல்லாம் நியூ டவுனிலிருந்து பஸ் மாறி மாறி வந்து, மரத்தை இழைப்பாள், துணி வெட்டுவாள். ஒரு வார்த்தை குறை சொல்ல மாட்டாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. திட்டினால் பதிலுக்குத் திட்டலாம்.

குளிர்காலத்தில் மலைப் பக்கத்திலிருந்து வந்து கம்பளி ஸ்வெட்டர் கடை போடுகிறவர்களிடம் மின்சாரக் கம்பளி பார்த்தேன். விரித்துப் படுத்தால் கதகதவென்று இருக்குமே, அது. கடைக்காரர், "யாருக்குத் தீதி?" என்று கேட்டார். ஸ்கீயைப் பற்றி முழுசாக விளக்க எனக்குப் பொறுமையில்லை. "படுத்த படுக்கையா இருக்கு, தலையிலேர்ந்து கால்வரைக்கும் சமமா சூடு வேணும்" என்றேன். அவர் முகம் வாடிவிட்டது. விலையைத் தானாகவே குறைத்துக்கொண்டார். கூட ஒரு ஜோடி காலுறையும் சும்மா கொடுத்தார்.

பிரஸ்ஸுக்குள் போட்டேன். அந்தக் கம்பளி உடம்புச் சூடு வந்ததும் தானாகவே அணைந்துவிட்டது. மறுபடி போட்டேன், மறுபடி அணைந்தது. அதனோடு சண்டை போட்டு அலுத்து, மறுநாள் கடைக்காரரிடமே திரும்பிப் போனேன். "இது நாற்பதைத் தாண்ட மாட்டேங்குது. எனக்கு எண்பது டிகிரி வேணும்" என்றேன். அவர் மெதுவாகக் கம்பளியை மடித்து உள்ளே வைத்துக்கொண்டே சொன்னார்: "தீதி, இது உயிரோட இருக்கிறவங்களுக்காகச் செஞ்சது, எண்பது டிகிரி வேணும்னா நீங்க ஆளைத் தூக்கிட்டுப் போக வேண்டிய இடமே வேற."

எல்லாம் சரியாக இருந்தும்

கடைசியில் சாந்தினி மார்க்கெட்டில் ஒரு சந்துக்குள் ஹீட்டர் செய்கிற கடையைப் பிடித்தேன். ரப்பர் பாய் மாதிரி ஒன்று, உள்ளே கம்பி ஓடும்; நமக்கு வேண்டிய நீள அகலத்துக்குச் செய்து தருகிறார்கள். மேலே ஒன்று, கீழே ஒன்று. சூட்டைக் காட்ட ஒரு சின்ன மீட்டர். இதை முதலிலேயே செய்திருக்கலாமே என்று கேட்கிறீர்கள். மூர்த்தியும் கேட்டார். கேட்கிறவர்களுக்கு என்ன!

மீட்டர் எண்பதைத் தொட்டு, அங்கேயே ஆடாமல் நின்றது. மூக்கில் எண்பது, நடுவில் எண்பது, வாலில் எண்பது. சந்தோஷத்தில் ஹாருதாவே குல்லாயைக் கழற்றிவிட்டார். சொன்ன நேரம் முழுக்க வேகவைத்து, சுவிட்சை அணைத்த கையோடு காற்றைத் திறந்துவிட்டு, துணி சுற்றிப் பிடித்து வெளியே எடுத்தேன். பளபளவென்று அப்படி ஒரு அழகு! தரையில் வைத்தேன். கண் முன்னாலேயே மெள்ள மெள்ள முறுக்கிக்கொண்டது. எண்ணெயில் போட்ட அப்பளம் மாதிரி ஒரு மூலை எழும்பிற்று. மற்றதும் அப்படியே.

ருமாவுக்கு அடுத்த வாரம் ரயில். கடையில் சொல்லி வரவழைத்த பிளாஸ்டிக்கில் இன்னும் ஒரே ஒரு ஜோடிக்குத்தான் மிச்சம் இருந்தது. என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, ஒளிக்கவில்லை. இத்தனை நாள் அந்தப் பெண்ணை அலையவிட்டிருக்கிறேன். அவள் முறுக்கிக்கொண்ட பலகையை எடுத்து, குழந்தையைத் தடவுகிற மாதிரி தடவிப் பார்த்தாள். "பரவாயில்லை ஹேமாதி, நான் வாடகைப் பலகையிலேயே போறேன், எப்படி விழணும்னு போன வருஷமே நல்லாக் கத்துக்கிட்டேன்."

சீலிங்கில் பருப்பு

அப்படிச் சொன்னவளை வெறும் வயிற்றோடு அனுப்ப மனசு வரவில்லை. டாக்குரியாவுக்கு வீட்டுக்கே கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்ததும் குக்கரில் பருப்பை ஏற்றினேன். ருமா சமையலறை வாசலில் சாய்ந்துகொண்டு நின்றாள். மூர்த்தி எங்கள் இருவர் முகத்தையும் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் டீ போட்டுக் கொடுத்தார். அந்த மட்டுக்கும் நல்ல மனுஷர்.

விசில் வந்தது. அடுப்பை அணைத்தேன். அணைத்த கையோடு கரண்டிக் காம்பை வெயிட்டுக்கு அடியில் கொடுத்து நெம்பினேன். எப்போதும் செய்வதுதான். ஆவி அடங்குகிற வரைக்கும் யார் காத்துக்கொண்டிருப்பது? புஸ்ஸென்று சீறிற்று, மஞ்சளாகப் பருப்புத் தண்ணீர் பீச்சியடித்தது. மூர்த்தி அதற்குள் பழக்க தோஷத்தில் டீயோடு ஹாலுக்கு நகர்ந்திருந்தார். அங்கிருந்தே வங்காளியில் ருமாவிடம், "பயப்படாதேம்மா, எங்க வீட்ல பருப்பைப் பாதி தட்டுல பரிமாறுவோம், பாதி சீலிங்ல" என்றார்.

ருமா சிரிக்கவில்லை. சீலிங்கில் இருந்த பழைய மஞ்சள் கறைகளை அண்ணாந்து பார்த்தாள். பிறகு குக்கரைப் பார்த்தாள். பிறகு என் கையிலிருந்த கரண்டியைப் பார்த்தாள். "ஹேமாதி, பிரஸ்ஸையும் நீங்க இப்படித்தானே திறக்கறீங்க?"

நியூ டவுனுக்குப் போன கைப்பிடி

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. பிரஸ்ஸைப் பற்றி எனக்கா சொல்லித்தருகிறாய் என்று வாய்வரைக்கும் வந்துவிட்டது. ஆனால் சாதம் பிசையும்போதே மண்டைக்குள் எல்லாம் வரிசையாக வந்து நின்றது. பிசின் சூட்டில் இறுகினாலும், சூடு ஆறுகிற வரைக்கும் கொஞ்சம் இளக்கமாகத்தான் இருக்கும். அமுக்கிப் பிடித்தபடியே ஆறினால்தான் அச்சின் வளைவு அதில் நிற்கும். சூட்டோடு விட்டுவிட்டால் அது தன் இஷ்டத்துக்குத் திரும்பிக்கொள்ளும். இதைக் காலேஜில் படித்திருக்கிறேன். பரீட்சையிலும் எழுதியிருக்கிறேன். பென்குவின்களோடு குடித்தனம் நடத்தி மறந்தே போய்விட்டது. பென்குவினை எந்தச் சூட்டில் எடுத்தாலும் அது பென்குவினாகத்தான் இருக்கும். பாதிச் சாப்பாட்டில் எச்சில் கையோடு எழுந்து ருமாவைக் கட்டிக்கொண்டேன். மூர்த்திக்கு ஒன்றும் புரியவில்லை.

சனிக்கிழமை காலையில் மிச்சமிருந்த கடைசி ஜோடியைப் பிரஸ்ஸில் ஏற்றினோம். சாயங்காலம் சூட்டை அணைத்தோம். அணைத்ததும் ருமா ஒரு காரியம் செய்தாள். காற்றைத் திறக்கிற இரும்புக் கைப்பிடியைக் கழற்றி, தன் தோள்பையில் போட்டு, ஜிப்பை இழுத்து மூடி, "நாளைக்குப் பகல்ல வரேன்" என்று நியூ டவுன் பஸ் ஏறிப் போய்விட்டாள். என்ன அக்கிரமம் பாருங்கள், என் பட்டறை, என் பிரஸ்! அவள் பஸ்ஸிலிருந்து இறங்குவதற்குள் மூன்று தடவை போன் பண்ணினேன். எடுக்கவில்லை. குறடு வைத்துத் திருகலாமே என்று தேடினேன். ஹாருதா குறடு, ஸ்பேனர் எல்லாவற்றையும் ஒரு பென்குவின் வாய்க்குள் போட்டு, அதன்மேல் முழங்கையை ஊன்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கேட்டால், "ருமாதி சொல்லிட்டுப் போச்சு" என்கிறார். சம்பளம் கொடுப்பது நான்!

மறுநாள் அவள் ஆடி அசைந்து வந்தாள். கையில் ஈச்சவெல்லத்தில் செய்த நொலேன் குட் சந்தேஷ் இனிப்புப் பெட்டி வேறு. எல்லோரும் ஆளுக்கு ஒன்று தின்ற பிறகுதான் பையைத் திறந்தாள். கைப்பிடியை மாட்டினோம், காற்று இறங்கிற்று, பிரஸ் சில்லென்று இருந்தது. இரண்டு பலகையும் அச்சிலிருந்து அலுங்காமல் வந்தன. தரையில் வைத்துவிட்டு மூன்று பேரும் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றோம். அவை அசையவில்லை. அப்படியே கிடந்தன. ருமா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள், நானும் அழுதேன். ஹாருதா குனிந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, மூக்கிலிருந்து வால்வரைக்கும் பார்த்தார். அவர் யாரையும் லேசில் பாராட்டுகிற ஆளில்லை. "தீதி, சத்தியமா சொல்றேன், இது பென்குவினைவிட நல்லா வந்திருக்கு."

மலையிலிருந்து போன்

ருமா மலைக்குப் போனாள். நான் இங்கே அடுப்பில் நிற்கிற மாதிரி நின்றேன். அங்கே சிக்னல் கிடைப்பது அபூர்வம் என்று சொல்லிவிட்டுத்தான் போயிருந்தாள், இருந்தாலும் போனை எடுத்து எடுத்துப் பார்த்தேன். போதாக்குறைக்குப் பட்டறையில் அந்தக் கைப்பிடியைக் காணோம். புதுசாகப் பிளாஸ்டிக் வரவழைத்து இன்னொரு ஜோடி செய்து பார்க்கலாம் என்று தேடினால், இல்லை. ஹாருதாதான் எங்கேயோ போட்டுவிட்டார் என்று அவரை ஒரு பிடி பிடித்தேன். பாவம், பென்குவின்களைத் தலைகீழாகக் கவிழ்த்துத் தேடினார். கிடைக்கவில்லை.

சரஸ்வதி பூஜை முடிந்து சில நாள் கழித்து வீடியோ கால் வந்தது. மூர்த்தியும் ஓடி வந்து என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார். பின்னால் கண் கூசுகிற மாதிரி பனி. நடுவில் ருமா, மூக்கு சிவந்து, உதடு வெடித்து. "என்னடி ஆச்சு?" என்று நான் கத்தினேன். அவள் பதில் சொல்லாமல் கோட்டுப் பைக்குள் கையை விட்டு எதையோ எடுத்துக் காட்டினாள். பிரஸ்ஸின் கைப்பிடி! நான் வாயைத் திறப்பதற்குள் அவளே பேசினாள்.

"திட்டாதீங்க ஹேமாதி, பரீட்சை முழுக்க இது என் பையில இருந்துது, மேலேர்ந்து கீழே வரைக்கும் ஒவ்வொரு திருப்பத்திலயும் இதைத் தொட்டு, 'அவசரப்படாதீங்க ஹேமாதி, அவசரப்படாதீங்க'ன்னு சொல்லிக்கிட்டே இறங்கினேன், பாஸ் ஆயிட்டேன்!"

ஆக, பல்பு, இஸ்திரிப் பெட்டி, வெந்நீர், கம்பளி, ரப்பர் பாய் என்று சூடேற்றுவதற்கு இத்தனை வழி கண்டுபிடித்த எனக்கு, ஆறவைப்பதற்கு இன்றுவரைக்கும் தெரிந்த வழி ஒன்றே ஒன்றுதான்: யாராவது கைப்பிடியைப் பிடுங்கிக்கொண்டு பஸ் ஏறிவிட வேண்டும்.